மூச்சு வாங்கும் மௌனம்

பல் மருத்துவமனைப் பலகை இன்னும் அந்த வீட்டின் முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்துகளில் பாதியை வெயில் தின்றிருந்தது, மீதியை மழை கழுவியிருந்தது. எஞ்சி நின்றது வேரோடு பிடுங்கிய ஒரு கடைவாய்ப் பல்லின் படம் மட்டுமே. காரிலிருந்து இறங்கிய சின்னவள் அதை அண்ணாந்து பார்த்தாள்.

"பாட்டு கேக்கப் போறோம்னுதானே சொன்னே. இங்க பல்லைப் புடுங்குவாங்க போலிருக்கே."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா வாடி. படி இருக்கு, மெதுவா ஏறு," என்றாள் அக்காள்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கிற இடமா இது? திறக்கத்தானே சொல்லுவாங்க."

உயரமில்லாத படிகள்தாம். ஆனாலும் நடுப்படியில் அவள் நின்றுவிட்டாள். சுவரைப் பற்றிக்கொண்டு, "இரு அக்கா, மூச்சு வாங்குது," என்றாள். அக்காள் அவள் முதுகில் கைவைத்துக் காத்திருந்தாள். அந்தக் கைக்கு அது பழகிப்போன வேலை.

சின்னவளுக்கு நுரையீரலில் நோய். வலப் பக்கத்தையே அறுத்து எடுத்துவிட்டு, மருத்துவமனை அவளை வீட்டுக்கு அனுப்பி அதிகக் காலம் ஆகவில்லை. மிச்சமிருக்கும் இடப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும், சிரிக்க வேண்டும், படியேற வேண்டும், உயிரோடும் இருக்க வேண்டும். தூசு ஆகாது; ஓட்டம் ஆகாது; அதிர்ச்சி அறவே ஆகாது. பார்த்துக்கொள்ள வரும் தாதி அன்று விடுப்பு. தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் தங்கையைத் தனியே விட்டுவர அக்காளுக்கு மனம் துணியவில்லை. அக்காளுக்கென்று உலகில் மிஞ்சியிருந்தது அந்த ஒருத்தி. அந்த ஒருத்திக்கென்று மிஞ்சியிருந்தது அரை மூச்சு.

அக்காள் வானொலிக்காரி. ஒரே இசையைப் பல குழுவினர் வாசித்துப் பதிந்திருப்பார்கள் அல்லவா? அந்தப் பதிவுகளை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, இவர் இங்கே விரைந்தார், அவர் அங்கே தயங்கினார், இவர் அழுதார், அவர் அழுவதுபோல் நடித்தார் என்று அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, முடிவில் சிறந்தது இதுவே என்று தீர்ப்புச் சொல்வது அவளுடைய நிகழ்ச்சி. நிலையத்தில் அவளுக்கு நீதிபதி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால் வாயிற்காவலருக்குக்கூட அடையாளம் தெரியாது.

இந்த வீட்டைப் பற்றி நிலையத்தில் சிலர் தணிந்த குரலில் ஏதேதோ சொன்னார்கள். நீதிபதி சிரித்துவிட்டாள். பேய் இல்லை, பிசாசு இல்லை, இருட்டில் இருப்பது வெளிச்சமின்மையே அன்றி வேறொன்றும் இல்லை என்று மேடைமேடையாய் முழங்கிய மனிதரின் மகள் அவள். அச்சம் வந்தால் விளக்கை ஏற்று. விளக்கு இல்லையேல் அறிவை ஏற்று. சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட பாடம் அது.

கதவைத் திறந்தவர் பல் மருத்துவரின் மனைவி. நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு, காதில் கேட்கும் கருவி. தெருவே அவரை டாக்டரம்மா என்றுதான் அழைத்தது. செவி மந்தமானவர்கள் உரக்கப் பேசுவது வழக்கம். இந்த அம்மையாரோ கிசுகிசுத்தார்.

"வாங்கம்மா. ரேடியோவிலேந்துதானே? கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"யாராவது தூங்குறாங்களாம்மா?" என்று சின்னவளும் கிசுகிசுத்தாள்.

"தூங்கினா நல்லாயிருக்கும்," என்றார் டாக்டரம்மா.

மறைந்த பல் மருத்துவருக்கு வாழ்நாளெல்லாம் ஒரே பித்து. நால்வர் கூடி வாசிக்கும் ஒரு மேற்கத்திய இசை. பெரிய அரங்குக்கு அன்று, சிறிய அறைக்கென்றே எழுதப்பட்டது. அந்த ஒன்றை உலகில் எவரெவர் பதிந்தார்களோ அத்தனை பேரின் இசைத்தட்டுகளையும் தேடித்தேடிச் சேர்த்திருந்தார். அவர் போன பின் அத்தனையையும் வானொலி நிலையத்துக்கே கொடுத்துவிட டாக்டரம்மா முன்வந்தார். ஒரே ஒரு நிபந்தனை. எடுத்துப் போகுமுன், அவருடைய அறையிலேயே, அவருடைய கருவியிலேயே யாராவது ஒருமுறை கேட்க வேண்டும்.

"கடைசி வரைக்கும் கேளுங்க," என்றார் தாழ்வாரத்தில் நடந்தபடி. "நடுவுல நிறுத்தாதீங்க. அது ஒண்ணுதான் நான் கேக்கிறது."

நீதிபதி தலையசைத்தாள். தொழில் தெரியாதவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டாள்.

அறை வீட்டின் பின்கோடியில் இருந்தது. சன்னல் இல்லை. சுவரெங்கும் கம்பளம், கம்பளத்தின்மேல் கனத்த திரை, திரையின் மடிப்புகளில் ஆண்டுக்கணக்கான அசைவின்மை. வெளியே நண்பகல் வெயில் தெருவைக் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே கதவை மூடியதும் தெரு இல்லை, வெயில் இல்லை, உலகமே இல்லை. பழைய அட்டையின் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை படுத்திருந்தது. கிராம்புத் தைலம். சொத்தைப் பல்லில் பஞ்சு வைக்கும் வாடை.

அறையின் நடுவே இருந்தது ஒரு பல் மருத்துவ நாற்காலி.

"பழசாயிடுச்சுன்னு கிளினிக்கிலேந்து கொண்டுவந்து போட்டுக்கிட்டாரு," என்றார் டாக்டரம்மா. "சாஞ்சு கேக்க வசதியா இருக்குன்னு. அதுலதான் போனாரு."

சின்னவள் அதற்குள் அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டிருந்தாள். படியேறிய களைப்பு இன்னும் அவள் மார்பில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எழ முயன்றவளை அம்மையாரே கையமர்த்தினார்.

"உக்காரு பாப்பா. உக்கார வேற இடம் ஏது இங்க?"

"எப்படிம்மா போனாரு?" என்று கேட்டாள் நீதிபதி. கேட்காமல் இருப்பது மரியாதைக் குறைவோ என்று தோன்றியதால் கேட்டாள்.

டாக்டரம்மா இசைத்தட்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நடுவுல ஒரு இடத்துல நாலு பேரும் சட்டுனு நிறுத்துவாங்களாமே. அங்க வந்ததும் இவரு மூச்சைப் பிடிச்சுக்குவாரு. அவங்க மறுபடி ஆரம்பிச்சாதான் விடுவாரு. சின்னப் பிள்ளை மாதிரி. ஏங்க இப்படின்னா, இங்க மூச்சு விட்டா அவங்களுக்குக் கேட்டுடும்டின்னு சொல்லுவாரு. அன்னிக்கு அந்த இடத்துல கரண்ட் போயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவங்க ஆரம்பிக்கல. இவரு விடல."

சொல்லிவிட்டு அம்மையார் காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டார். "இந்த ரூம்ல பாட்டு போட்டா நான் இதைக் கழட்டிடுவேன்மா," என்று கிசுகிசுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சகோதரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, அப்பா இருந்திருந்தா இந்நேரம் இந்த அம்மாவை உக்கார வச்சு ஒரு பொதுக்கூட்டமே போட்டிருப்பாரு," என்றாள் சின்னவள்.

நீதிபதி சிரித்தபடி வேலையைத் தொடங்கினாள்.

அந்த இசை அவளுக்கும் உயிர். இரண்டு வயலின், அவற்றைவிடக் கனத்த குரலில் ஒரு வியோலா, அடிக்குரலில் ஒரு செல்லோ. வயலின்கள் சண்டைக்கார அக்காள் தங்கை. வியோலா நடுவே நின்று சமாதானம் பேசும் அண்ணி. செல்லோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவ்வப்போது கனைக்கும் தகப்பன். நேயர்களுக்கு அவள் இப்படித்தான் விளக்குவாள். மெல்ல நடக்கும் நடுப்பகுதியில் நால்வரின் பேச்சும் படிப்படியாய் ஏறும், ஏறி உச்சிக்குப் போகும். சொல்ல வேண்டிய சொல் நாவின் நுனிக்கு வந்துவிட்ட அந்தக் கணத்தில் நால்வரும் நிறுத்திவிடுவார்கள்.

மௌனம்.

பிறகு நால்வரும் ஒரே வில்லாய், தணிந்த குரலில் மீண்டும் இறங்குவார்கள். கேட்பவரின் தோள் அப்போதுதான் தளரும். அந்த மௌனத்தை எவ்வளவு நேரம் தாங்குவது என்று எழுதியவர் குறிக்கவில்லை. சிலர் நீட்டினார்கள், சிலர் சுருக்கினார்கள், சிலர் அதற்குள்ளேயே குடியிருந்தார்கள். இசையில் ஏமாற்றலாம், மௌனத்தில் ஏமாற்ற முடியாது என்பது நீதிபதியின் கட்சி. ஆகவே அவள் முழுவதையும் கேட்பதே இல்லை. மௌனத்துக்குச் சற்று முன்னே, சுழலும் தட்டில் கருவியின் முள்ளை வைப்பாள். மௌனம் வரும். நால்வரும் மீண்டும் தொடங்கும் நொடிக்கு முன்னரே முள்ளைத் தூக்கிவிடுவாள். அடுத்து வரும் இனிமை காதில் விழுந்தால் தீர்ப்பு இளகிவிடும்.

அவள் வேலை செய்யும் முறை அது. ஆண்டாண்டாய்ச் செய்து கைக்கு வந்த முறை.

முதல் தட்டு மிகப் பழையது. இசை ஏறியது, நின்றது. தட்டின் இரைச்சல் மட்டும் மெல்லிய மழைபோல் ஓடியது. அந்த மழைக்குள் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

நீதிபதிக்கு மகிழ்ச்சி. நால்வரும் ஒன்றாய்த் தொடங்க, தலைமை வயலின்காரர் மூக்கால் மூச்சிழுத்துச் சைகை செய்வது வழக்கம். நுட்பமான பதிவுகளில் அது கேட்கும். நல்ல பதிவு என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டு முள்ளைத் தூக்கினாள்.

இரண்டாவது தட்டு. வேறு குழு, வேறு காலம். மௌனத்தில் அதே மூச்சு.

அதே என்றால் அதேதான். நீண்டு இழுத்து, முடிவில் பல்லிடுக்கில் காற்று நுழைவதுபோல் ஒரு சின்னச் சீழ்க்கை. ஒருவரின் கையெழுத்தை இன்னொருவர் போடலாம். ஒருவரின் மூச்சை இன்னொருவர் இழுக்க முடியுமா?

மூன்றாவது தட்டை அவள் வேண்டுமென்றே தேர்ந்தாள். அதன் பிரதி ஒன்று அவள் வீட்டில் இருந்தது. அந்த மௌனம் அவளுக்கு மனப்பாடம். அதில் நாற்காலி ஒன்று முனகும், அதற்கு மேல் எதுவும் இல்லை.

நாற்காலி முனகியது. அதன் பின் அந்த மூச்சு இழுக்கப்பட்டது.

நீதிபதி முள்ளைத் தூக்கிவிட்டுத் திரும்பினாள். "ஏய், நீயா மூச்சு விட்டே?"

"மூச்சு விடக்கூட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" சின்னவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு எனக்கு. ஏறுது, ஏறுது, டக்குனு நிக்குது. நீயும் தூக்கிடுறே. தும்மல் வந்துட்டு வராமப் போற மாதிரியே இருக்குடி அக்கா."

அடுத்த தட்டு அவசரக்காரர்களுடையது. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள்போல் அந்த மௌனத்தைத் தாண்டிக் குதிக்கும் ஒரு குழு. நிகழ்ச்சியில் அவர்களை அவள் ஈவிரக்கமின்றிக் கிண்டல் செய்ததுண்டு. அவர்களுடைய மௌனத்தில் மூச்சுக்கு இடமே கிடையாது. முள்ளைத் தூக்கவும் அவளுக்கு நேரம் கிடைப்பது அரிது; ஆனாலும் தூக்கிவிட்டாள்.

மூச்சு தட்டில் இல்லை.

முள் மேலே நின்றிருந்தது. தட்டு ஓசையின்றிச் சுழன்றுகொண்டிருந்தது. ஒலிபெருக்கி ஊமையாய் இருந்தது. அந்த ஊமை அறையில் மூச்சு நிதானமாய் இழுக்கப்பட்டு, சீழ்க்கையோடு முடிந்தது.

விடப்படவில்லை.

அச்சம் வந்தால் அறிவை ஏற்று. அவள் ஏற்றினாள். கருவியில் கோளாறு இருக்கலாம். ஒலிபெருக்கியின் கூட்டுக்குள் காற்று அடைத்திருக்கலாம். சுவர்க் கம்பளத்தின் பின்னே குழாய் ஓடலாம். ஒன்றொன்றாய்ச் சோதித்தாள். ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். இப்போது மூச்சு இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. நாற்காலி இருந்த திசையிலிருந்து வந்தது.

அவள் மனம் ஒரு கணம் நடுங்கியது. நடுங்கிய மனத்தை அவளே அதட்டினாள். இருட்டறைப் பயத்துக்கு நானா இரையாவது? ஐயத்தைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுகிறேன் பார் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்திருந்த மடிக்கணினியைத் திறந்தாள். தட்டுகளின் ஒலியைக் கணினிக்குள் வாங்கினாள். ஒவ்வொரு பதிவிலிருந்தும் மௌனத்தை மட்டும் நறுக்கி எடுத்தாள். முன்னே இருந்த இசையும் போயிற்று, பின்னே வரும் இசையும் போயிற்று. நறுக்கிய மௌனங்களை ஒன்றன் வாலில் ஒன்றாய் ஒட்டினாள். அந்தச் சரம் ஓயாமல் சுழலும்படி விட்டு, ஒலியைக் கூட்டினாள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல வழி அவள் தொழிலில் இல்லை.

அதைவிடக் கொடிய வழியும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

மூச்சு இழுக்கப்பட்டது.

மீண்டும் இழுக்கப்பட்டது.

மீண்டும்.

ஒன்று உள்ளே போனால் ஒன்று வெளியே வர வேண்டாமா? வரவில்லை. இழுப்பின்மேல் இழுப்பாய், நிரம்பிய குடத்தில் மேலும் மேலும் நீர் வார்ப்பதுபோல், உள்ளே, உள்ளே, உள்ளே. ஒவ்வோர் இழுப்பும் முந்தியதைவிட நீளமாய் இருந்தது. நறுக்கியபோது அவற்றுக்கு அவ்வளவு நீளம் இல்லை.

கிராம்பு வாடை எழுந்தது. அட்டையின் அடியில் படுத்திருந்த வாடை எழுந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

"அக்கா," என்றாள் பின்னால் சின்னவள். "மூச்சு வாங்குது."

"மருந்தை இழுத்துக்கோ," என்றாள் நீதிபதி திரைமேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

மருந்துக்குழாயை அழுத்தும் ஓசை கேட்டது. மீண்டும் அழுத்தும் ஓசை.

"அக்கா."

"இரு, முடிச்சுடுறேன்."

"எனக்கு வாங்கல அக்கா."

குரல் கிசுகிசுப்பாய் இருந்தது. அந்த வீட்டில் எல்லாரும் கிசுகிசுக்கிறார்கள் என்றுதான் நீதிபதிக்கு முதலில் தோன்றியது.

"எனக்கு வாங்கல. வாங்குறாங்க."

நீதிபதி திரும்பினாள்.

நாற்காலியின் முதுகு முழுவதும் சாய்ந்திருந்தது, நோயாளியைக் கிடத்தும் சாய்வில். சின்னவளின் மோவாய் மேல்நோக்கி உயர்ந்திருந்தது, யாரோ இரு விரலால் ஏந்தியதுபோல். வாய் திறந்திருந்தது. தானாகத் திறக்கும் அளவைத் தாண்டித் திறந்திருந்தது. இடக் கன்னத்தில் ஒரு குழி. விரல் நுனி அழுத்தினால் விழும் குழி. அழுத்தும் விரல்தான் இல்லை.

சுழலும் சரத்தில் மூச்சு இழுக்கப்பட்டபோதெல்லாம் அவள் மார்பு உள்வாங்கியது.

அவள் கண்கள் மட்டும் அக்காளைப் பார்த்தன.

நீதிபதி பாய்ந்து கணினியை அறைந்து மூடினாள். சுவரிலிருந்த மின்னிணைப்பைப் பிடுங்கி எறிந்தாள். தட்டு தளர்ந்து நின்றது. கருவியின் சிறு விளக்கு அணைந்தது. எல்லாம் அணைந்த பின்னும் இழுப்பு நிற்கவில்லை. அறையின் நடுவிலிருந்து, ஆளுயரத்திலிருந்து, நிதானமாய், நெடுநாள் பசித்தவனின் ஆர்வத்தோடு அது இழுத்துக்கொண்டே இருந்தது.

தங்கையின் இரு தோளையும் பற்றித் தூக்கினாள். தூக்க முடியவில்லை. நோயில் இளைத்து இறகாகிவிட்ட உடம்பு அது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், அறுவைக்குப் பின் அன்றாடம் அவள் ஒற்றை ஆளாய்த் தூக்கிய உடம்பு.

அந்த நாற்காலியில் இரண்டு பேரின் கனம் இருந்தது.

"விடுய்யா," என்றாள் நீதிபதி. யாரிடம் சொன்னாள்? இல்லை என்று அவள் தகப்பன் முழங்கிய ஒன்றிடம். இல்லை என்று அவளே நேற்றுவரை சிரித்த ஒன்றிடம். "விடுய்யா. அவகிட்ட இருக்கிறதே பாதி. விட்டுடு."

விடு என்ற சொல் அவள் வாயைவிட்டு வெளியேறியதும் அவளே திடுக்கிட்டாள். அவர் எப்படி விடுவார்? நால்வரும் மீண்டும் தொடங்கினால் அல்லவா விடுவார். அன்று அந்த இடத்தில் மின்சாரம் போயிற்று. இன்றைக்கு அவள் தட்டுக்குத் தட்டு அதே இடத்தில் கொண்டுவந்து அவரை நிறுத்தினாள். மௌனத்தை நறுக்கி, அதற்குப் பின்வரும் இசையை எறிந்துவிட்டு, வாசலே இல்லாத அந்த மௌனத்துக்குள் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டாள். அதுவும் போதாதென்று, இப்போது மின்னிணைப்பையும் பிடுங்கிவிட்டாள்.

தரையில் தவழ்ந்து இணைப்பைத் தேடினாள். சுவரின் துளை கைக்கு அகப்படவில்லை; அகப்பட்டது; பொருந்தவில்லை; பொருந்தியது. சிறு விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியின் கம்பியையும் திரும்பச் செருகினாள்.

எந்தத் தட்டு?

மௌனத்தில் குடியிருந்த மேதைகளின் தட்டுகள் சுற்றிலும் கிடந்தன. அவள் பாராட்டிய தட்டுகள், கண்ணீர் மல்கத் தீர்ப்பெழுதிய தட்டுகள். அவர்களுடைய மௌனம் முடியும்வரை சின்னவள் இருக்கமாட்டாள். அவள் உதடு நீலம் பாரித்துவிட்டிருந்தது.

பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களின் தட்டு கருவியின் மேலேயே இருந்தது. முள்ளை மௌனத்துக்கு வெகு அருகே இறக்கினாள். தட்டு வேகம் பிடிக்க, வயலின்கள் முனகி எழுந்து, ஓலமிட்டு உச்சிக்கு ஓடின.

நின்றன.

இழுப்பும் நின்றது. அறையில் இருந்த எல்லாமே நின்றது. காற்று நின்றது. திரையின் மடிப்புகள் செவி சாய்த்தன. உலகத்திலேயே மிகக் குறுகிய மௌனம் என்று அவள் எள்ளி நகையாடிய அந்த மௌனம், இறங்கிப் போக அடிமட்டமே இல்லாத கிணறுபோல் நீண்டது.

தங்கையின் மார்பு அசையவில்லை.

தூக்கப் பழகிய அவள் கை, முள்ளை நோக்கித் தானாகவே நகர்ந்தது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

நால்வரும் இறங்கினார்கள்.

அவசர அவசரமாய், அழகின்றி, ஒருவர் அரைக்கணம் முந்திக்கொள்ள, இறங்கினார்கள். அதைவிடப் பேரழகை அவள் அன்றுவரை கேட்டதில்லை.

சின்னவளின் திறந்த வாயிலிருந்து மூச்சு வெளிப்பட்டது. நீண்ட, கனத்த, ஓர் ஆண்பிள்ளையின் பெருமூச்சு. அந்தச் சிறிய மார்புக்குள் அவ்வளவு காற்று இருந்திருக்கவே முடியாது. கிராம்பு மணத்தோடு அது வந்துகொண்டே இருந்தது, நால்வரின் இசையோடு சேர்ந்து தணிந்தது, ஓய்ந்தது. கன்னத்துக் குழி மெல்ல நிரம்பியது. வாய் மூடியது.

பிறகு அவள் இருமினாள். அது அவளுடைய இருமல்தான்.

நீதிபதி அவளை அள்ளி எடுத்தாள். இறகுபோல் எழுந்து வந்தாள். தட்டு கடைசி வரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, தங்கையைச் சுமந்துகொண்டு கதவை உதைத்துத் திறந்தாள். தாழ்வாரத்தில் டாக்டரம்மா நின்றிருந்தார், கருவியைக் கைக்குள் இறுகப் பற்றியபடி. அவர் உதடுகள் அசைந்தன.

"விட்டாரா?"

ஆம் என்று நீதிபதி தலையசைத்தாள்.

அம்மையார் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டார். அறைக்குள் போய், நாற்காலியின் அருகே நின்று, இசை முடியும்வரை கேட்டார். முடிந்த பின்னும் கேட்டார். திரும்பி வந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. முதன்முறையாக அவர் உரக்கப் பேசினார்.

"இப்போ அந்த ரூம்ல யாரும் இல்லம்மா."

காரில் ஏறியதும் சின்னவள் கேட்ட முதல் கேள்வி, "பசிக்குதுக்கா, எதாவது வாங்கித் தர்றியா?" என்பதே. நாற்காலியில் நேர்ந்ததைப் பற்றி அவளுக்குத் தெளிவான நினைவில்லை. தூங்கிவிட்டதாகவும், தூக்கத்தில் நெஞ்சடைத்ததாகவும் சொன்னாள். நீதிபதி திருத்தவில்லை. அந்த இசையைப் பற்றிய நிகழ்ச்சியை நிலையம் கேட்டபோது, தீர்ப்புச் சொல்லத் தனக்குத் தகுதியில்லை என்று மறுத்துவிட்டாள். நீதிபதியே வழக்கிலிருந்து விலகிக்கொண்டார் என்று சக ஊழியர்கள் கேலி பேசினார்கள்.

ஆனால் சின்னவள் தேறினாள். தேறினாள் என்பதே போதாது. படிகளில் நிற்காமல் ஏறினாள். சொற்றொடரின் நடுவே இளைக்காமல் பேசினாள். பேசத் தொடங்கினால் நிறுத்துவது பெரும்பாடாயிற்று. மருந்துக்குழாய் தேடுவாரற்று மேசையில் கிடந்தது. ஒரு நாள் காலை தெருமுனைவரை ஓடிப்போய்த் திரும்பி வந்து, "பாத்தியா, மூச்சே வாங்கல," என்று சிரித்தாள். அக்காள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆனந்தம் என்றுதான் அவளே எண்ணிக்கொண்டாள்.

வழக்கமான பரிசோதனைக்கு மருத்துவரிடம் போனார்கள். வெளிச்சம் நிறைந்த அறை; வெண்ணிறச் சுவர்; திறந்த சன்னலுக்கு வெளியே வண்டிகளின் இரைச்சல். மருத்துவர் குழாயைச் சின்னவளின் முதுகில் வைத்தார்.

"இழுங்க. விடுங்க. நல்லாயிருக்கே. இழுங்க. விடுங்க."

குழாயை நகர்த்தினார். அவர் புருவம் நெரிந்தது.

"விடுங்கம்மா."

"விட்டுட்டேனே டாக்டர்."

மருத்துவர் குழாயை எடுத்துத் துடைத்தார். மீண்டும் வைத்தார். பழைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு சற்றுக் கூச்சத்தோடு நீதிபதியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க ரேடியோதானே? உங்க காது எங்க காதைவிடக் கூர்மையா இருக்கும். இதைக் கொஞ்சம் கேளுங்க. அறுத்து எடுத்த பக்கத்துல எதுவும் கேக்கக் கூடாது."

நீதிபதி குழாயைக் காதில் பொருத்திக்கொண்டாள். இடப் பக்கம் வைத்துக் கேட்டாள். தங்கையின் மூச்சு, பிறந்த நாள் முதல் அவள் அறிந்த மூச்சு. இழுத்தாள், விட்டாள்.

வலப் பக்கம் வைத்துக் கேட்டாள்.

"என்னக்கா அப்படிப் பாக்குறே? எது நல்லாயிருக்கு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? தீர்ப்பைச் சொல்லு," என்றாள் சின்னவள், சிவந்த கன்னத்தில் சிரிப்போடு.

"கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சுக்கங்கம்மா," என்றார் மருத்துவர்.

சின்னவள் பிடித்துக்கொண்டாள்.

குழாய்க்குள், காலியாய் இருக்க வேண்டிய அந்த வலப் பக்கத்தில், அதே சின்னச் சீழ்க்கையோடு அது அவசரமில்லாமல் மூச்சை வாங்கிக்கொண்டே இருந்தது.